பாத்திக்குள் ஒளிந்த நெல்

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் கொள்ளிடம் தாண்டும்போது நாற்றங்கால் கண்ணில் பட்டால் போதும், இலை அரைத்த பச்சை வாசம் எங்கிருந்தோ வந்துவிடும். நெல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட வாசம் அது. டி.என்.ஏ.வைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. இலை அரைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

ஒருநாள் வையம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, வீட்டுக்காரரோடு வந்தார். ஊருக்குத் தூயமல்லி என்ற பழைய ரக நெல்லின் விதை கொடுப்பவர். போன வருடம் அவர் விதையில் வேறு நெல் கலந்து வந்ததென்று பக்கத்து வயல்காரி, "இனி உன் விதையே வேணாம்" என்றுவிட்டாராம். இளம்பயிரில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கதிர் வந்தபிறகு தெரிந்து என்ன பயன்? இலையை வைத்தே பார்த்துவிடலாம், செடிக்கு ஒரு பொட்டலமாகக் கொண்டுவாருங்கள் என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடம் போனில் சொல்லியிருந்தார்.

அந்த அம்மா பையிலிருந்து எடுத்தது ஒரே கட்டு. விதைப் பாத்தி முழுக்க இலை கிள்ளி, நாற்றை அலசுவதுபோல அலசி, வைக்கோலால் நாற்றுமுடிபோலக் கட்டியிருந்தார்.

"இதுல எது எந்தச் செடின்னு எப்படிம்மா பாக்குறது?" என்றார் மேடம்.

"முடியாக் கட்டாம பின்ன எப்படிங்க கொண்டாறது?"

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா, வைக்கோலை எடுத்துக் குடுத்ததே நீங்கதானே!"

மேடமே சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒவ்வொரு செடியின் அருகிலும் எண் போட்ட குச்சி நட்டு, அதே எண்ணைப் பொட்டலத்திலும் எழுதிக் கொண்டுவந்தார்கள். இலையை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் ரகத்தைக் காட்டும் துண்டை மட்டும் பல மடங்காகப் பெருக்கி, மின்சாரம் பாயும் ஜெல்லில் ஓடவிட்டோம். ஒவ்வொரு ரகத்துக்கும் கோடு விழும் இடம் வேறு. திரையில் கோடுகளெல்லாம் ஒரே வரிசையில் நிற்க, சில மட்டும் தள்ளி நின்றன.

"அப்ப அவ சொன்னது நெசந்தானாங்க?" அந்த அம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது.

"கொஞ்சந்தாம்மா கலப்பு. பூக்குறதுக்கு முன்னாடி அதைப் பிடுங்கிட்டா, மிச்சமெல்லாம் தூயமல்லிதான்" என்றார் மேடம்.

அதைப் பார்க்க மேடத்தோடு நானும் வயலுக்குப் போனேன். வேடிக்கை என்னவென்றால், பிடுங்க வேண்டிய செடிகள்தான் நன்றாகத் தூர் கட்டிச் செழித்து நின்றன. அந்த அம்மா குனிந்தார், நிமிர்ந்தார். கை போகவில்லை.

"தண்ணி எறைச்சு வளத்துப்புட்டு எப்படிண்ணே வெரட்டுறது?" என்றார் என்னிடம்.

வரப்பில் நின்ற பக்கத்து வயல்காரி விடவில்லை. "நீ பிடுங்கறியா, நான் எறங்கட்டுமா?"

"எம் பாத்தியில காலை வச்சுப் பாரேன்!"

அந்த வேகத்திலேயே குச்சிகளின் எண்ணைப் பார்த்துப் பார்த்து, கலப்புச் செடிகள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்தார். பக்கத்து வயல்காரி மாட்டுக்கென்று அவற்றை வாரிக்கொண்டு நாலடி நடந்து, திரும்பாமலே சொன்னார்:

"அறுத்ததும் எனக்கு ஒரு மரக்கா விதை எடுத்து வையி."

"பாப்போம், பாப்போம்," என்றார் இந்த அம்மா, சேற்றுக் கையை அலம்பிக்கொண்டே.