நீவா காரில் விறகறுத்த கம்சாத்

எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காமல் கம்சாத்துக்கு நம்பத் தெரியாது. ஒன்பது வயதில் வீட்டிலிருந்த பாலாடை எடுக்கும் இயந்திரத்தைக் கழற்றினாள். முப்பத்தோரு பாகங்கள். கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பி, கழுவித் துடைத்து, திரும்பப் பூட்டினாள். ஒரு வளையம் மட்டும் மிஞ்சியது. ஆனாலும் இயந்திரம் முன்பைவிடச் சத்தமில்லாமல் சுற்றியது. அக்கா ஜவ்ரேஷ் அகப்பையால் முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்த வாரத்திலிருந்து அதைக் கழுவும் வேலையை அவளிடமே விட்டுவிட்டாள்.

பள்ளி முடித்து டிராக்டர் ஓட்டும் படிப்புக்குப் போனாள். வகுப்பில் இருபத்திரண்டு பேர், பெண் இவள் ஒருத்தி. ஊருக்குத் திரும்பியபோது டிராக்டர் வேலை இல்லை, நூலக வேலைதான் இருந்தது. ஆறு வருஷம் அங்கே புத்தகம் கொடுத்து வாங்கினாள். அந்த ஆறு வருஷமும் நூலகத்தைச் சூடாக்கும் அடுப்பு ஒரு நாள்கூடப் புகை கக்கவில்லை என்பதைக் கோக்புலாக் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் மாமியார் வீட்டில் ஓர் அறையில் குடித்தனம். கணவன் ஒரால்பெக் நாட்டின் மறுகோடியில், எண்ணெய் வயலில் லாரி ஓட்டுகிறான். புத்தாண்டுக்குத்தான் வருவான். இந்தக் கோடையில்தான் ஊர்க் கோடியில் சொந்த வீடு அமைந்தது. இரண்டு அறை, நடுச்சுவரோடு சேர்த்துக் கட்டிய பெரிய செங்கல் அடுப்பு. சுவர் சூடானால் இரண்டு அறையும் சூடாகும். ஆனால் அந்த அடுப்பு தின்கிற விறகு கொஞ்சமல்ல. கம்சாத் அளந்து கணக்குப் போட்டாள்: குளிர்காலம் தாண்டப் பதினாறு கன மீட்டர் வேண்டும்.

மரம் வந்து இறங்கிவிட்டது. போன குளிர்காலத்தில் வெட்டிக் காய்ந்த லார்ச்சும் பிர்ச்சும், ஆறு மீட்டர் நீளத் தடிகளாக முற்றத்தில் கிடந்தன. அவற்றை அறுத்துப் பிளந்து அடுக்க வேண்டும். அதற்கு அக்டோபர் முதல் ஞாயிறு அசார் வைத்தாள். அசார் என்றால் அக்கம்பக்கத்தார் கூடி வேலையை முடித்துக் கொடுப்பார்கள். கூலி கிடையாது, வயிறு நிறையச் சாப்பாடு உண்டு. அந்த ஒரு ஞாயிறுதான் கிடைத்தது. அடுத்த ஞாயிறுக்குள் மலையிலிருந்து மந்தைகள் இறங்கிவிடும். பிறகு எவர் கையும் ஓயாது, பனியும் விழுந்துவிடும்.

ஜவ்ரேஷ் முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தாள்.

“அன்னைக்கு இருட்டுறதுக்குள்ள அறுத்து அடுக்கிட்டா இங்கயே இரு. இல்லேன்னா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும். வசந்தம் வர்ற வரைக்கும். சரியாடி?”

“சரிக்கா.”

சொல்லிவிட்டாளே தவிர, இன்னொரு குளிர்காலம் அடுத்தவர் அடுப்பில் குளிர்காய கம்சாத்துக்கு மனமில்லை.

ஊரில் சங்கிலி ரம்பம் இரண்டுதான். அவற்றை நம்பினால் நாலு நாள் ஆகும். அதனால் தன் பழைய நீவா காரை முற்றத்தில் நிறுத்தினாள். பின்பக்க இடது அச்சுக்கடியில் கட்டை கொடுத்துத் தூக்கினாள். அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு புல்லியைப் பூட்டினாள். காருக்குப் பின்னால் ஏழு முழம் தள்ளி வட்டரம்ப மேசை. இரண்டுக்கும் நடுவே, அறுவடை இயந்திரத்திலிருந்து எடுத்த தட்டைப் பெல்ட். கைபிரேக் போட முடியாது. போட்டால் சுற்ற வேண்டிய புல்லியே நின்றுவிடும். ஆகவே முன்சக்கரங்களுக்கு ஆளுக்கொரு கல்.

ஞாயிறு காலை பதினாலு பேர் வந்தார்கள். ஜவ்ரேஷோடு லாரியில் வந்து இறங்கினார் அக்கா கணவர் செயில்கான். கொழுந்தியாளைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

“என்ன கொழுந்தியா, காரைக் கட்டிப்போட்டு வச்சிருக்க? மேயப் போயிடும்னா?”

“ஆமா மாமா. உங்களக் கட்ட இன்னொரு கயிறும் இருக்கு. வேலைய விட்டுட்டு ஓடினீங்கன்னா தேவைப்படும்.”

கம்சாத் வண்டியில் ஏறி இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். ஆக்சிலேட்டரை ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்தாள். புல்லி சுற்றியது, பெல்ட் ஓடியது, ரம்பம் பாடியது. முதல் தடி வெண்ணெய்போல் அறுபட்டு விழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு தடி தூக்கப் போனார்கள். பத்தரைக்குள் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. சாயாவும் பவுர்சாக்கும் வந்தன. எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டைகளை ஆண்கள் கை நிறைய அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

செயில்கான் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். பெரிய தடி வரும்போது ரம்பம் லேசாகத் திணறியதைக் கவனித்திருந்தார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி இருந்தது. சேற்றில் சிக்கினால் நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற கம்பி. ஜன்னல் வழியே கையை விட்டு அதைத் தள்ளி வைத்தார். நல்லெண்ணத்தோடுதான்.

சாயா முடிந்து கம்சாத் ஏறினாள். குச்சியை வைத்தாள், கிளட்சை விட்டாள்.

புல்லியோடு முன்சக்கரங்களும் சுற்றின. நீவா இரண்டு கல்லையும் ஏறித் தாண்டியது, கட்டையிலிருந்து பின்பக்கம் தடாலென்று விழுந்தது, பெல்ட் இழுபட்டு டப்பென்று அறுந்தது. புல்லி தரையில் ஏர் உழுதுகொண்டே வர, கார் பலகை வேலியை உடைத்து, பக்கத்து வீட்டு வைக்கோல் போருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கம்சாத் குச்சியை உதைத்துத் தள்ளியபோது பாதிக் கார் உள்ளே போயிருந்தது.

தலை நிறைய வைக்கோலோடு இறங்கினாள். “யாருக்காவது அடிபட்டுச்சா?” யாருக்கும் இல்லை. உள்ளே குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தாள்.

“இதத் தொட்டது யாரு?”

பதிமூன்று பேரும் செயில்கானைப் பார்த்தார்கள். செயில்கான் மலையைப் பார்த்தார்.

“பலத்துக்குப் போட்டேம்மா.”

“பலம் இருந்துச்சா மாமா?”

“நல்லாவே இருந்துச்சு.”

முற்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கம்சாத்தும் சிரித்தாள். ஆனால் பெல்ட்டைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றது. வேறு பெல்ட் இல்லை. வட்டத் தலைநகர் தொண்ணூறு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். ஜவ்ரேஷ் உள்ளே போய் மெத்தைகளை மூட்டை கட்டி லாரியில் ஏற்றத் தொடங்கினாள். கம்சாத்தின் சின்ன மகள் தன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொடுக்க மறுத்தாள்.

அப்போதுதான் வைக்கோல் போரின் சொந்தக்காரி உல்பிகே வந்தாள். பன்னிரண்டு குதிரைகளை வைத்துக் காப்பாற்றுகிற கிழவி.

“ஏண்டி, என் குதிரைக்கு வச்சிருந்தத உன் காருக்குப் போட்டியா?”

“மன்னிச்சுக்கங்க பெரியம்மா. வேலிய நாளைக்கே அடிச்சுத் தர்றேன்.”

“வேலி கெடக்கு. அந்தப் பட்டைய இப்படிக் குடு.” உல்பிகே அறுந்த முனையை விரலால் வளைத்துப் பார்த்தாள். “இது என்ன பெரிய விஷயம்? சேணத்து வார் மாதிரிதானே? ஊசி கொண்டு வர்றேன்.”

சேணம் தைக்கும் ஊசியும் கொழுப்பு தடவி முறுக்கிய தோல் வாரும் வந்தன. செயில்கான் இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், அதுதான் தண்டனை.

“முடிச்செல்லாம் வெளிப்பக்கம் வரணும் பெரியம்மா. உள்பக்கம் வந்தா புல்லியில தட்டி அறுந்துடும்” என்றாள் கம்சாத்.

“நீ காரைப் பாரு. தோலை எனக்கு விடு” என்றாள் கிழவி. ஆனால் முடிச்சுகளை வெளிப்பக்கமே போட்டாள். பிறகு செயில்கானைப் பார்த்து, “கை ஆடுது. ஆட்டினா விரலையும் சேத்துத் தச்சுடுவேன். பலமா இருக்கும்” என்றாள்.

பதினெட்டுத் தையல். பெல்ட் ஒரு சாண் குறைந்துவிட்டது. பத்துப் பேர் நீவாவை வைக்கோலிலிருந்து இழுத்து வந்தார்கள். கம்சாத் முழக்கோலால் அளந்து, அரைச் சாண் கிட்டே தள்ளி, மறுபடி கட்டை கொடுத்து நிறுத்தினாள். கல்லுக்குப் பதில் இரண்டு தடிகளையே புதைத்தாள். கம்பியைப் பழைய இடத்துக்குத் தள்ளி, கயிற்றால் கட்டினாள். மணி ஒன்றேகால்.

கிளட்சை விட்டாள். பெல்ட் ஓடியது. தையல் புல்லியில் ஏறும்போதெல்லாம் ‘தக்’ என்றது. எல்லாரும் அந்தத் ‘தக்’கையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஐம்பது, அறுபது, நூறு. அறுந்துபோகவில்லை.

“நிக்கிறீங்களே, தடி தானா நடந்து வருமா?” என்று உல்பிகே அதட்டினாள்.

அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. கம்சாத் அறுக்க, நாலு பேர் தூக்க, ஆறு பேர் பிளக்க, பெண்கள் சங்கிலிபோல் நின்று கைமாற்றி அடுக்கினார்கள். செயில்கான் தனியாக ஒரு கோடரியோடு இரண்டு ஆள் வேலை செய்தார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியபோது கடைசித் தடி அறுபட்டது. வெளிச்சம் மங்குவதற்குள் சுவரோரம் எட்டு மீட்டர் நீளத்துக்கு, ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் விறகு நின்றது. கம்சாத் அளந்தாள். பதினாறு.

ஜவ்ரேஷ் லாரிக்குப் போய் மூட்டைகளை இறக்கினாள். தங்கையைத் தாண்டிப் போகும்போது அவள் முதுகில் ஒன்று வைத்தாள், இந்த முறை உள்ளங்கையால்.

அடுப்பு மூண்டது. அரை மணியில் நடுச்சுவர் இளஞ்சூடாயிற்று, ஒரு மணியில் தொட முடியவில்லை. ஆட்டு ஈரலையும் உருளைக்கிழங்கையும் வறுத்த குயிர்தாக் தட்டைச் சுற்றி எல்லாரும் சட்டையைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள். யாரோ கதவைத் திறந்து வைத்தார்கள். செயில்கான் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

“எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்” என்றாள் ஜவ்ரேஷ்.

“எதுக்கு? அங்க விறகு இன்னும் அறுக்கவே இல்ல. வசந்தம் வரைக்கும் நாம இங்கேயே இருந்துடலாம்.”

“இருங்க மாமா, தாராளமா இருங்க. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து அடுப்புல விறகு போடணும்” என்றாள் கம்சாத்.

செயில்கான் கண்ணைத் திறந்தார். “செவ்வாய்க்கிழமை உன் காரை ஓட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வர்றியா?”

“வர்றேன். ஆனா நீங்க அன்னைக்கு ஊர்ல இருக்கக் கூடாது.”