காட்டுக்குப் போகிறவர்கள்

அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த சேற்றை வெளியிலேயே தட்டிவிட்டு உள்ளே வந்த அக்காவின் முகம் இன்றும் என்னை விடுவதில்லை. டிராம்பே கழிமுகத்தை ஒட்டிய குடிசைப் பகுதியில் மகளிர் குழுத் தலைவி அவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அலையாத்திக் காட்டைக் காக்க நாங்கள் தொடங்கிய திட்டத்தில், கன்றுகளில் பாதி அவர் கையால் நட்டவை.

நான் தமிழ்நாட்டுக்கு வெளியே, மாட்டுங்காவில் வளர்ந்தவள். தமிழ் தெரியும் என்ற மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. கணக்கெடுப்பின்போது, காட்டுக்குப் போவதுண்டா என்று அந்தப் பெண்களைக் கேட்டேன். தினமும் போவோம் என்றார்கள். எதற்கு என்றதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். விறகு வெட்டுகிறார்கள், மறைக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டிப் படிவத்தில் எழுதிவிட்டேன். பெரிய கெட்டிக்காரி! சில மாதங்களில் காட்டைச் சுற்றி இரும்பு வேலி வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அக்கா செம்பூரில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கோபப்படவில்லை.

"காட்டுக்குப் போறதுன்னா வெளிக்குப் போறது தாயி. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். நீ தமிழ்ப் பிள்ளதானேன்னு விளக்கிச் சொல்லாம விட்டுட்டோம்."

அங்கே பொதுக் கழிப்பறை தண்ணீரில்லாமல் பூட்டிக் கிடந்தது எனக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இப்போது வேலியைச் சுற்றிக் கரையோரமாகப் போகிறோம், தண்ணீர் ஏறினால் கால் நிற்பதில்லை, ஓர் ஆள் நுழைய வழி விட்டால் போதும் என்றார். திருத்தி எழுதுகிறேன் என்றேன். அறிக்கை மேலே போய்விட்டது, அடுத்த கணக்கெடுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் என் மேலதிகாரி. நான் மறுபேச்சுப் பேசவில்லை. என் தப்பு வெளியே தெரியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், விடிவதற்கு முன், அக்கா கரையில் வழுக்கி விழுந்தார். ஏறி வந்த தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. துக்கத்துக்குப் போனேன். அந்தப் பெண்கள் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுவாரம், யாரையும் கேட்காமல், திருத்தக் கடிதத்தை எழுதி அனுப்பினேன். அரைப் பக்கம்தான் வந்தது. பதினைந்தே நாளில் வேலியில் வாசல் வைத்துவிட்டார்கள்.

இன்று கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. அலையாத்தி தலைக்குமேல் வளர்ந்து நிற்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் மக்கள் பங்கேற்பைப் பற்றி நான்தான் பேசுகிறேன். பேசி முடித்து அந்த வாசல்வரை கூட்டிப்போவேன். உள்ளே அவர்களை வேறு யாராவதுதான் அழைத்துப்போக வேண்டும்.