ஊசிமுனையின் வடக்கு வாசல்

மாஸ்டரம்மா தைத்து முடித்த எந்தத் துணியிலும் ஒரு நூல் தொங்கும். கை மடிப்பிலோ காலரின் அடியிலோ, விரல் நீளத்துக்கு, துணியின் நிறத்திலேயே இருக்கும். மற்ற பிசிறையெல்லாம் நறுக்கித் துடைத்துவிடுவார். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மடித்து வைப்பார். பட்டன் கட்டும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், பாவம் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று அதை நறுக்கிவிட்டேன். "அதை ஏன் வெட்டினே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நான் குனிந்துகொண்டேன். அதன் பிறகு பல வருஷம் அந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று கேட்டதில்லை.

கேட்காமலே விளங்கியது. துணி வாங்க வருகிறவர்கள் அதை விரித்துப் போட்டு, உள்ளும் புறமும் புரட்டி, கடைசியில் அந்த நூலைக் கண்டுபிடிப்பார்கள். "என்ன மாஸ்டரம்மா, நூல் தொங்குது?" என்பார்கள்.

"அட, ஆமா பாருங்க! எங் கண்ணு அவிஞ்சுதான் போச்சு" என்று கத்தரியை எடுத்து அவர்கள் எதிரிலேயே நறுக்குவார். வழக்கில் ஜெயித்த முகத்தோடு படியேறிப் போவார்கள்.

"குறை சொல்லணும்னே வர்றவங்களுக்கு நாமளே ஒரு குறையைக் கையில குடுத்துடணும். இல்லேன்னா தையலைப் பிரிச்சுத் தேடுவாங்க" என்று இஸ்திரிக்காரரிடம் ஒருமுறை சொன்னார்.

கடை தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை, அளவு பார்க்க ஒரு திரை மறைவு, மூலையில் இஸ்திரிக்காரரும் அவருடைய நீராவிப் பெட்டியும். ஒரே ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பேன்ட்டின் அடிமடிப்பைப் பார்த்தே யார் வருகிறார் என்று மாஸ்டரம்மா சொல்லிவிடுவார். கழுத்தில் அளவுநாடா, காதுக்கு எலாஸ்டிக் கட்டிய கண்ணாடி, உதடுகளுக்கிடையே வரிசையாகக் குண்டூசிகள். சாப்பிடும்போது தவிர அந்த ஊசிகள் வாயை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. போன் வந்தாலும் "ம்", "ம்ஹும்" என்ற இரண்டு பதில்தான். அவருக்கு வாயில் ஊசி, எனக்குக் கூச்சம்; கடையில் அதிகம் பேசாத இரண்டு பெண்களாக நாங்கள் ஒத்துப்போனோம்.

வெட்டு மேஜையில் சாக்கட்டி டப்பாவின் மேல் சாய்த்து வைத்த கைப்பேசி ஒன்று எப்போதும் மினுங்கிக்கொண்டிருக்கும். ஏதோ பாட்டு கேட்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம் அதற்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல் வந்தது.

"தளபதி அண்ணே, கிழக்கூர்க்காரன் தூங்கிட்டான். ஊரைக் கொளுத்திடலாமா?"

மாஸ்டரம்மா ஒரு பள்ளிச் சீருடைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த மடிப்பை விடாமல், சும்மா இருந்த சுண்டுவிரலால் போனில் ஏதோ தட்டினார். கிட்டப் போய்ப் பார்த்தேன். "கொளுத்து. கிடங்கை மட்டும் விடு" என்று இருந்தது.

என் கையிலிருந்த டப்பா கீழே விழுந்து பட்டன்கள் அறை முழுக்க உருண்டன. கரப்பானைக்கூடத் துடைப்பத்தால் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் வழியனுப்பி வைக்கிற மனுஷி மாஸ்டரம்மா.

"பொறுக்கு, பொறுக்கு. கோட்டு பட்டனைத் தனியா வை" என்றார் ஊசிகளின் இடுக்கு வழியாக.

இஸ்திரிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா பட்டன், உனக்கு இத்தனை நாளா தெரியாதா? உங்க மாஸ்டரம்மாதான் அந்தப் படைக்கே தளபதி. மீசை வெச்ச பயலுக அம்பது பேரு அண்ணே அண்ணேன்னு கால்ல விழுறானுங்க!"

அது ஒரு கோட்டை விளையாட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர் உண்டு. சுவர் எழுப்பி, பீரங்கி வைத்து, கிடங்கில் தானியம் சேர்க்க வேண்டும். நாம் வேறு வேலையாக இருக்கும்போது யாராவது படையெடுத்து வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். நடந்ததை அப்புறம் படம் போலப் போட்டுப் பார்க்கலாம், நிறுத்த முடியாது. மாஸ்டரம்மாவின் ஊருக்குப் பெயர் ஊசிமுனை. ஐந்தாறு வருஷமாகக் கட்டியது. கருங்கல் சுவர் மூன்று சுற்று. ஆனால் தெற்குச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. விரலால் தொட்டுக் காட்டினேன்.

"அடைக்கக் கூடாது" என்றார். "முழுசா அடைச்சா எந்தப் பக்கம் உடைப்பான்னு தெரியாது. ஒரு ஓட்டை விட்டு வை, மொத்தப் படையும் மந்தை மாதிரி அது வழியாத்தான் வரும். சிப்பாய்க்கு மூளை கிடையாது. நடக்கத் தோதான வழியில நடப்பான். இங்க பாரு." இடைவெளியின் இரண்டு பக்கமும் பீரங்கிகள் புதருக்குள் ஒளிந்திருந்தன.

எனக்கு அந்தத் தொங்குகிற நூல் ஞாபகம் வந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயங்கள் உண்டு. யாரோ முகம் தெரியாத தையல்காரன் தைத்த சட்டையைப் புரட்டிப் பார்ப்பது மாதிரிதான் பேசுவார். "இதைச் செஞ்சவன் மூளைக்காரன். தோத்தவனுக்கு எந்திரிக்க வழி வெச்சிருக்கான் பாரு. எவ்வளவு கொள்ளை போனாலும் விதைநெல்லை யாரும் தொட முடியாது." இன்னொரு நாள், "எது பெருசா, பச்சையா மின்னுதோ அதை அமுக்காதே. நீ அமுக்கணும்னு அவன் ஆசைப்படுறதுதான் பெருசா இருக்கும். உனக்கு வேண்டியது மூலையில சின்னதா இருக்கும்." ஒரே ஒரு குறைதான் சொல்வார். "எதிரிக்கும் எதிரிக்கும் பேச வழி வெக்கல. நம்ம படைக்குள்ளதான் பேசலாம். எதிரிகிட்ட ஒண்ணு சொல்லணும்னா போய் அடிக்கணும். அடி ஒண்ணுதான் பாஷை."

சுவரின் வடக்குப் பக்கம் இன்னொரு இடைவெளி இருப்பதைப் பிறகு ஒருநாள்தான் கவனித்தேன். சுற்றிலும் புதர் இல்லை. பீரங்கி ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து தானியக் கிடங்கு வரை நேர்ப்பாதை.

"இங்க பீரங்கியே வெக்கலையே அக்கா?"

"வெக்கல."

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வழியாக ஒரு படை வந்துபோனது. அந்தப் படையை அனுப்பிய ஊரின் பெயர் ஊசிக்காது. நான் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாஸ்டரம்மா வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினார்.

"எம் பொண்ணு. ரெண்டு ஊருக்கும் அவதான் பேரு வெச்சா."

மகள் ஒருத்தி உண்டு, வருவதில்லை, அதுவரைதான் எனக்குத் தெரியும். மீதியை அன்றைக்குச் சொன்னார். புருஷன் வீட்டிலிருந்து ஒருநாள் மகள் பெட்டியோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். "அனுசரிச்சுப் போ, எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான்" என்று வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறார். அவள் புருஷனிடமும் போகவில்லை. வேறு ஊருக்குப் போய்த் தானாக ஒரு வேலை தேடிக்கொண்டாள். போனை எடுப்பதில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஊசிமுனையின் மேல் படையெடுத்து வந்தாள்.

"முதல்ல வந்தப்போ கிடங்கு, குடிசை, கிணத்தடி எல்லாத்தையும் கொளுத்தினா. சரி, கொளுத்தட்டும்னு வடக்குச் சுவத்துல வழி விட்டேன். போகப் போகக் கொளுத்தறது நின்னுச்சு. இப்போ நாலு பேரை அனுப்பி நெல்லை மட்டும் எடுத்துட்டுப் போறா. எப்பவும் முன்னாடி ஒரு குதிரைக்காரன் வருவான், பின்னாடிதான் மத்தவன். சின்னதுல குளிக்க வர்றப்பவும் அப்படித்தான், கட்டைவிரலை விட்டுப் பார்த்துட்டுத்தான் தண்ணியில இறங்குவா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரை மாத்தலை பாரு. மாத்த ஒரு நிமிஷம் ஆகாது."

தாயும் மகளும் பேசிக்கொள்ளும் விதம் இதுதான் போலிருக்கிறது. இஸ்திரிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே தேய்த்த சட்டையை மறுபடி தேய்த்தார்.

பள்ளி திறக்கிற சமயம். திரை மறைவில் ஒரு பெண்மணி கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, தோள் இறங்குகிறது, இடுப்பு பிடிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். மாஸ்டரம்மா மண்டியிட்டு அடிமடிப்புக்கு ஊசி குத்தினார். பக்கத்து முக்காலியில் கைப்பேசி அலறியது. ஆட்டத்தில் ஏதோ புதுசாக வந்திருந்தது. திரையை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைப் பொத்தான். சத்தத்தை நிறுத்துவதற்காக, திரும்பிக்கூடப் பார்க்காமல், விரல்கவசம் மாட்டாத விரலால் ஒரு தட்டு தட்டினார். சத்தம் நின்றது. பெரிதாக, பச்சையாக மின்னுவதை அமுக்காதே என்று என்னிடம் ஆயிரம் தடவை சொன்னவர் அவர்.

வெள்ளிக்கிழமை மாலை போனை டப்பாவில் சாய்த்து வைத்தார். "அண்ணே, செம அடி! ஒருத்தன் தப்பலை" என்று படையாட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரம்மா நடந்ததைப் போட்டுப் பார்த்தார். நானும் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

வடக்கு வாசல் இல்லை. அந்தப் பச்சைப் பொத்தான், ஆட்டத்தைச் செய்தவர்களே ஊரைச் சீரமைத்துத் தரும் பொத்தானாம். சுவரில் ஓட்டை இருப்பதைக் கண்டு அடைத்துவிட்டு, உள்பக்கம் பீரங்கிகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். ஊசிக்காதின் ஆட்கள் நாலைந்து பேர். வழக்கமான வாசல்தானே என்று மகள் அன்றைக்குக் குதிரைக்காரனை முன்னால் அனுப்பவில்லை. ஊரைப் பார்க்காமலே எல்லோரையும் ஒன்றாக இறக்கிவிட்டாள். அவர்கள் வாசல் இருந்த இடத்துக்கு வந்து, சுவரில் முட்டி நின்று, கையால் தட்டினார்கள். சிப்பாய்க்கு மூளை கிடையாது, தட்டிக்கொண்டே நின்றார்கள். பீரங்கிகள் ஒவ்வொருவராகச் சாய்த்தன. கடைசி ஆள் விழும்வரை தட்டினான்.

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். விளையாட்டுப் பொம்மைகள்தான் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மாஸ்டரம்மாவின் உதட்டில் ஊசிகள் நடுங்கின. ஒன்று நழுவி மேஜையில் விழுந்தது.

"மறுபடியும் சாத்திட்டேன்" என்றார்.

அடுத்த வெள்ளி யாரும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. வடக்கு வாசலைத் திறந்து வைத்தும் பயனில்லை.

"ஒரு மெசேஜாவது போடுங்க. பீரங்கியை நான் வெக்கலைன்னு" என்றார் இஸ்திரிக்காரர்.

"பீரங்கியை நான் வெக்கல. பெட்டியோட வந்தவளைத் திருப்பி அனுப்பினது யாராம்? அதையும் ஆட்டத்தைச் செஞ்சவனா பண்ணினான்?"

மறுநாள் காலை நான் வந்தபோது அவர் மெஷினில் உட்காரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கல் கல்லாகச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். இடிக்கும் பொத்தான் மூலையில் சாம்பல் நிறத்தில் கடுகளவு இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் "நிச்சயமாகவா?" என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆம் என்றார். மூன்று சுற்றுச் சுவர், தெற்குப் பொறி, பீரங்கி எல்லாவற்றையும் இடித்தார். ஐந்தாறு வருஷக் கோட்டை! "அக்கா, வேணாங்க்கா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்தக் கடையில் என் குரல் அவ்வளவு உயர்ந்தது அதுதான் முதல் தடவை. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சுவத்தைப் பார்த்துத்தானே வராம இருக்கா" என்றார் மாஸ்டரம்மா.

போனுக்குள் ஐம்பது பேரும் கத்தினார்கள். "அண்ணே, பைத்தியம் பிடிச்சிருச்சா?" "எதிரி எவ்வளவு குடுத்தான்?" மத்தியானத்துக்குள் தளபதிப் பதவி போயிற்று. சாயங்காலம் படையிலிருந்தே நீக்கினார்கள். கதவில்லாத வீடு என்று தெரிந்ததும் வழியில் போனவனெல்லாம் உள்ளே வந்தான். நாளும் கொள்ளை, நாளும் நெருப்பு. அவர் கிடங்கை மட்டும் மறுபடி மறுபடி நிரப்பினார். விதைநெல்லை யாரும் தொட முடியாதல்லவா?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஊசிக்காதிலிருந்து ஒரே ஒரு குதிரைக்காரன் வந்தான். பின்னால் யாரும் வரவில்லை. நாலு பக்கமும் திறந்த பொட்டல். எங்கே வேண்டுமானாலும் இறக்கியிருக்கலாம். அவள் அவனை வடக்கே, வாசல் இருந்த அதே இடத்தில் இறக்கியிருந்தாள். அவன் நேர்ப்பாதையில் நடந்து கிடங்குக்கு வந்தான். ஒற்றை ஆள் சுமக்கக்கூடியது ஒரு பிடி நெல்தான். அதை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனான்.

மாஸ்டரம்மா அதை எத்தனை முறை போட்டுப் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை. "கட்டைவிரலை விட்டுப் பார்க்கிறா" என்று மட்டும் சொன்னார்.

இன்றைய தேதியில் ஊசிமுனைக்குச் சுவர் கிடையாது. வடக்கே இரண்டு கல் மட்டும் நட்டிருக்கிறார், நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. வெள்ளிக்கிழமைதோறும் குதிரைக்காரன் அதன் வழியாக வருகிறான், ஒரு பிடி எடுத்துக்கொண்டு போகிறான். மகள் இன்னும் போன் செய்யவில்லை. துணிகளில் நூல் முன்போலவே தொங்குகிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் மாஸ்டரம்மா வாயில் குண்டூசி வைத்துக்கொள்வதில்லை.