ஏழாவது மாடிப் படத்தின் முகம்

சின்னத்தாயிக்குப் படம் என்றால் போதும். சினிமா, காலண்டர், அடுத்தவர் வீட்டுக் கல்யாண ஆல்பம், எதுவானாலும் கையில் கிடைத்தால் விடமாட்டாள். பெங்களூரு ஈஜிபுராவில் அவள் குடியிருக்கும் ஒற்றை அறையில் சுவர் தெரியாத அளவுக்குப் பழைய காலண்டர் படங்கள்தான். சினிமாவில்கூடக் கதையைவிட, வசனம் முடிந்த பிறகும் காமிரா விடாமல் காட்டும் முகங்களைத்தான் அவள் ரசிப்பாள். டி.வி.யில் சேர்ந்து படம் பார்க்கும்போது, அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள். அவளுக்கு ரசனை அவ்வளவுதான்.

ஆனால் சின்னத்தாயி உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு படத்தின் மேல். அவள் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியின் ஏழாவது மாடியில், லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிய ஆளுயர ஓவியம். ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் கைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலண்டரில் வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது கொடுத்துக்கொண்டோ சுமந்துகொண்டோ இருப்பார்கள். இவள் ஒரு வேலையும் செய்யவில்லை, யார் சாயலிலும் இல்லை. பேச வந்ததைப் பேசாமல் விட்ட முகம். தினமும் காலை ஏழரைக்கு, ஆட்கள் வருவதற்கு முன்னால், அவள் என்ன சொல்ல வந்திருப்பாள் என்று சின்னத்தாயி நின்று யோசிப்பாள். நான்கு வருஷமாக இதே வழக்கம்.

படத்துக்கு நேர் மேலே ஏ.சி. துவாரம். தூசி வந்து இறங்குவது முகத்தில்தான். பிடித்த முகத்தில் தூசியை இருக்கவிட மனசு வருமா? மற்ற இடங்களை உலர்ந்த துணியால் தட்டுவாள். முகத்தை மட்டும் கண்ணாடி துடைக்கிற நீல மருந்தை அடித்து, குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைப்பாள். கண்ணாடி போடாத படத்துக்கு அந்த மருந்து ஆகாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. துணியில் ஒட்டிய பழுப்பைத் தூசி என்றே நினைத்தாள்.

கொழுந்தன் மகள் கல்யாணத்துக்குத் திருப்பத்தூர் போய்விட்டு ஐந்தாம் நாள் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தினமும் பார்த்தவளுக்குத் தெரியவில்லை. கூந்தலுக்கும் கழுத்துக்கும் நடுவே வெறும் மாவு நிறம். கண் இல்லை, மூக்கு இல்லை, உதடு இருந்த இடம்கூடத் தெரியவில்லை. கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தாள். பாவி, தன் கையாலேயே அழித்திருக்கிறாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் உமேஷ் ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் அடக்கினான். "சின்னத்தாயம்மா, சும்னே இரு. யார்கிட்டயும் சொல்ல பேடா. இத்தினி நாளா எவனும் பாக்கல, இனிமே பாக்கவா போறான்?"

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய போட்டோ ஒன்று கிடைத்தால் அதைப் பார்த்து யாராவது திரும்ப வரையலாமே. படத்துக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் சேலத்துப் பெண் கிருத்திகாவிடம் போய் நின்றாள்.

"பாப்பா, இது முன்னாடிதானே எல்லாரும் போட்டோ புடிப்பீங்க. ஒன்னே ஒன்னு எடுத்துக் காட்டும்மா. அவ மூஞ்சி எனக்கு வேணும்."

நல்ல பெண். தன் போனைத் துழாவியது போதாதென்று மாடியின் வாட்ஸ்அப் குரூப்பிலும் கேட்டாள். மதியத்துக்குள் இருபத்து மூன்று போட்டோக்கள் வந்தன. கேக் வெட்டும் படத்தில் எவனோ ஒருவனின் தலை மறைத்தது. சிலவற்றில் போனே பின்னணியைக் கலங்கலாக்கியிருந்தது. ஆயுத பூஜை குரூப் போட்டோவில் முகம் இருந்த இடத்தில் வாழைக்கன்று. எடுத்துக்கொண்டவர்களின் பல்லெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, அவள் முகம் ஒன்றில்கூட இல்லை.

சின்னத்தாயி நேரே அட்மின் மேனேஜர் வைத்தீஸ்வரனின் அறைக்குப் போனாள். உமேஷ் கண்ணால் கெஞ்சியதை அவள் பார்க்கவில்லை.

"சார், அந்தப் பொம்பள மூஞ்ச நான்தான் தொடச்சி அழிச்சிட்டேன். வரைஞ்சவர கூப்பிட்டு விடுங்க சார்."

அவர் வெளியே வந்து படத்தின் முன் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு. மாடர்ன் ஆர்ட்ல முகம் போடமாட்டாங்க. அதான் ஸ்டைல்."

"இல்ல சார், இருந்துச்சு. நான் தெனம் பாத்திருக்கேன்."

"உனக்கு அப்படித் தோணியிருக்கும். போய் வேலையப் பாரு."

"அப்போ என்ன வேலைய விட்டுத் தூக்குங்க சார். மூஞ்ச அழிச்சதுக்குன்னு எழுதிக் குடுத்துத் தூக்குங்க." அந்தச் சீட்டிலாவது அப்படி ஒரு முகம் இருந்தது என்று இருக்குமே. வைத்தீஸ்வரன் சிரித்துக்கொண்டே மீட்டிங்குக்குப் போய்விட்டார். உமேஷ் பெருமூச்சு விட்டான்.

சின்னத்தாயி கிருத்திகாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. இங்கயேதானே உக்காந்திருக்க. இருந்துச்சு இல்ல?"

கிருத்திகா படத்தையே பார்த்தாள். அந்த அம்மாளின் கண்ணைப் பார்க்க முடியாமல், "இருந்துச்சுக்கா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

"பொட்டு வெச்சிருந்தாளா?"

"ம், வெச்சிருந்தாக்கா. சின்னதா, செவப்பா."

அந்த நெற்றியில் பொட்டே கிடையாது. சின்னத்தாயி சரி என்று தலையாட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஆறாவது மாடிக்கு இறங்கினாள்.