காக்குவின் ரப்பர் செடி

வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்களுக்கு மேல்மாடி வீட்டில் ஒரு வங்காளித் தம்பதி இருந்தார்கள். சித்தப்பா, சித்தி என்பதை அவர்கள் பாஷையில் காக்கு, காக்கிமா என்று கூப்பிடுவேன். காக்குவுக்கு வைத்தியம் பார்க்க இருவரும் வேலூருக்குக் கிளம்பினார்கள். நாங்கள் லீவுக்குத்தான் அந்தப் பக்கம் போவோம் என்பதால், அவர்களும் லீவுக்குப் போவதாக நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. போகும்போது காக்கு தன் ரப்பர் செடியை எங்களிடம் விட்டுப் போனார்.

அடுத்த வாரமே அப்பா எலி தேடி இரும்பு பீரோவை நகர்த்த, அது செடியின் மேல் சாய்ந்தது. தண்டு பாதிக்கு மேல் பிளந்து, தரையெல்லாம் பால் வடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கு போன் செய்வார். முதல் கேள்வி செடியைப் பற்றித்தான். அப்பா கூசாமல், "பாலோ ஆச்சே தாதா" என்பார்; நல்லா இருக்கு அண்ணா என்று அர்த்தம். போனை வைத்ததும் அம்மா பிடித்துக்கொள்வாள்.

"ஆஸ்பத்திரியில கெடக்கிறவர்கிட்ட பொய் சொல்றீங்களே!"

"வேற என்ன சொல்றது? அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சுட்டாப் போச்சு."

அம்மா சம்மதிக்கவில்லை. முதலில் மூங்கில் குச்சி வைத்துக் கட்டினாள். இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன. பிறகு மொபைலில் வீடியோ பார்த்துப் பதியம் போட்டாள். பிளந்த இடத்தைச் சுற்றி ஈரத் தேங்காய் நாரை அப்பி, பாலித்தீன் கவரால் இறுக்கிக் கட்டினாள். மழைக்காலம் வந்தபோது கவருக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் தெரிந்தது. அதற்குக் கீழே அறுத்து, மேல்பாதியைப் பழைய பெயின்ட் வாளியில் நட்டாள். தொட்டியில் நின்ற மொட்டைத் தண்டையும் தூக்கிப் போடாமல் தண்ணீர் ஊற்றினாள். அதுவும் துளிர்த்தது.

அதற்குள் காக்குவின் போன் நின்றுபோயிருந்தது. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. செடியை மறந்துவிட்டார் என்று இருந்துவிட்டேன்.

காக்கிமா தனியாகத் திரும்பி வந்தார். அம்மாவுக்குத் தாலி மாதிரி, அவர் எப்போதும் கழற்றாமல் போட்டிருக்கும் சங்கு வளையல் கைகளில் இல்லை. ரயிலில் தொலைத்திருப்பார் என்று நினைத்தேன். அம்மா இரண்டு செடிகளையும் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காக்கிமா கேட்டது ஒன்றுதான்.

"செடி உடைஞ்சது அவருக்குத் தெரியாதே?"

"தெரியாது" என்றாள் அம்மா.

"கடைசி வரைக்கும் நல்லா இருக்குன்னுதான் நினைச்சிட்டிருந்தார்" என்று சொல்லி, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

செடி உடைந்ததற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம். பக்கத்தில் போய், "அழாதீங்க காக்கிமா. ஒண்ணுதானே குடுத்தீங்க, இப்ப ரெண்டு இருக்கே" என்றேன் வங்காள பாஷையில். அம்மா பதறி என் கையைப் பிடித்து இழுத்தாள். காக்கிமா விடவில்லை. என்னை மடியில் இழுத்துக்கொண்டு, ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது.

பெரியவர்கள் இருவருக்கும் சொல்லத் தெரியாததை நான் சொல்லிச் சமாதானப்படுத்திவிட்ட பெருமையில், அன்று பூராவும் என் கால் தரையில் பாவவில்லை.