கொடிநுனி வெட்டியவர்

மிட்சுயோ ஜப்பானின் தெற்கே ககோஷிமாவில் பிறந்து வடகோடி ஹொக்கைடோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அவளுடைய தெற்கத்திப் பேச்சை முகத்துக்கு நேரே புகழ்ந்த பெண்கள், அவள் நகர்ந்ததும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் யாரையும் லேசில் நம்புவதில்லை.

கணவன் இறந்த பிறகு கொல்லையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டாள். குளிர் பிரதேசத்தில் அது பிழைப்பதே பெரும்பாடு. மண் சூடேற வேண்டுமென்று பாத்திக்குக் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து, ஜூனில் நாற்று நட்டு, உறைபனி விழுமுன் தோண்டிவிடுவாள். விதைக்கிழங்கு குளிர்காலம் முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும்.

பக்கத்து வீட்டு ஒரிகாசா தெருப்பனியை வாரித் தள்ளும் வண்டியை ஓட்டி ஓய்வுபெற்றவர். தெருக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "இங்க அது வெளஞ்சா நான் பனியில வெறுங்காலோட நடக்கறேன்" என்றவர்.

ஒரு ஜூலைக் காலையில் கொடிகளின் நுனிகளைக் காணவில்லை. மான் கடித்திருந்தால் பிய்ந்திருக்கும். இது கத்தரிக்கோல் வெட்டு. தபால்காரர்மேல் சந்தேகம் வந்தது, எதிர்வீட்டுக்காரிமேல் வந்தது. பிறகுதான், கோடை முழுக்கத் திறந்து கிடக்கும் ஒரிகாசாவின் பயிர் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரம் இப்போது மூடியே இருப்பதும், அவர் அதற்குள் தண்ணீர் சுமப்பதும் கண்ணில் பட்டன.

தெருவில் வீடு வீடாகக் கைமாறி வரும் அறிவிப்புப் பலகையைக் கொடுக்கிற சாக்கில் நேரே கூடாரத்துக்குள் நுழைந்தாள். வெட்டிய நுனியை நட்டாலே வேர்விடும் கொடி அது; விளிம்பில் ஊதா ஓடிய அவளுடைய இலைகள் வரிசையாக நின்றன.

"இது எங்க வாங்கினீங்க, ஒரிகாசா சான்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "வாங்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"அத்தனை பேர் முன்னால கிண்டல் பண்ணிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேக்கறது?"

அவள் பிடுங்கவில்லை. ஜூலையில் நட்டது என்ன ஆகுமென்று அவளுக்குத் தெரியும். இலையுதிர் காலத்தில் அவருக்குக் கிடைத்தது எலிவால் கனத்தில் வேர்கள்தான்.

அடுத்த ஜூனில் ஒரு கட்டு நாற்றை அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம். சாயங்காலம் வந்து, நல்ல நாற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு சொத்தையைத்தானே தந்தாய் என்கிற மாதிரி இழுத்தார்.

"நட்டுப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்று கதவைச் சாத்தினாள்.

செப்டம்பர் கடைசியில் அவர் ஒரு கூடைக் கிழங்கோடு வந்தார். அவளுடையதைவிடப் பருமன். மிட்சுயோவுக்கு மனம் ஒப்பவில்லை. கடையில் வாங்கி மண்ணைப் பூசியிருப்பார் என்றே நினைத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் கூடாரத்துக்குப் போனாள். தோண்டாமல் மிச்சமிருந்த கொடியொன்றைத் தானே தோண்டினாள். மண்ணுக்குள்ளிருந்து சிவப்பாக, முழங்கை நீளத்துக்கு ஒன்று வந்தது.

"இப்பவாவது நம்பறியா?" என்றார் ஒரிகாசா.

"கூடாரத்துச் சூட்டுல யாருக்கும் வெளையும்" என்றாள் அவள். ஆனால் அந்தக் கிழங்கை அவள் திருப்பித் தரவில்லை.