கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு சந்தனப் பொட்டு

வானத்திலிருந்து நான் எடுத்த முதல் கல்யாண வீடியோவுக்கு ஒரு தையல் ரீச்சர் சொன்ன விமர்சனம் இது: "நூலோட்டம் போட்ட மாதிரி இருக்குப் பிள்ளை. குத்துக்குக் குத்து இடைவெளி."

அவருடைய மூத்த மகளின் கல்யாணம் அது. நானும் என் கணவரும் பண்டத்தரிப்பில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். தரையில் நடப்பதெல்லாம் அவர் பொறுப்பு, வானம் என் பொறுப்பு. ட்ரோன் வாங்கிய புதிதில், அதை மேலே ஏற்றி மரத்தில் மோதாமல் திருப்பிக் கொண்டுவந்தாலே நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படம் எப்படி விழுகிறது என்பதை ட்ரோனே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அது பார்த்துக்கொண்ட லட்சணத்தில் மாப்பிள்ளையின் கார் வெட்டி வெட்டி ஓடியது, பெண் விக்கல் எடுத்தவள்போல நடந்தாள். ரீச்சருக்குத் தலை சுற்றி, பாதியில் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்.

வேறு யாரென்றாலும் சிரித்துச் சமாளித்திருப்பேன். ஆனால் ரீச்சர் அந்தக் கல்யாணத்தை நேரில் பார்க்கவில்லை. கணவர் இறந்தபிறகு அவர் எந்த மணவறைப் பக்கமும் போவதில்லை, சொந்த மகளுடையதுக்கும் போகவில்லை. சித்தப்பாவும் சித்தியும் பெற்றோரின் இடத்தில் நின்று தாரைவார்த்துக் கொடுக்க, பெற்றவர் மண்டபத்தின் பின் அறையில் பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வராதே என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. எனக்கு அதில் சரியான ஆத்திரம். ஆனால் அடுத்தவர்மேல் ஆத்திரப்படுகிறவள் தன் வேலையையாவது ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது மகளுக்கு நாள் வைத்ததும் ரீச்சர் மறுபடியும் எங்களிடமே வந்தார். அந்த வீடியோவைப் பார்த்த பிறகும் ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "இந்த முறையாவது நான் முழுக்கப் பாக்கவேணும்" என்று மட்டும் சொன்னார். அன்று இரவே பழைய வீடியோவைப் போட்டுப் பிழையைத் தேடத் தொடங்கினேன்.

தேடித் தேடிப் பார்த்ததில் குற்றவாளி எங்கள் ஊர் வெயில்தான் என்று தெரிந்தது. மத்தியான வெயிலில் ட்ரோனை அதன் போக்கில் விட்டால், ஷட்டரை ஒரு செக்கனில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் திறக்கும். ஒவ்வொரு படமும் துல்லியமாக விழும், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. சைக்கிளில் வேகமாகப் போகும்போது வேலிக் கதியால்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துதானே தெரிகின்றன? அந்தக் கரைசல் கொஞ்சம் இருந்தால்தான் கண் அதை ஓட்டம் என்று ஒப்புக்கொள்ளும். செக்கனுக்கு இருபத்தைந்து படம் எடுத்தால், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அப்படித் திறந்தால் வெயில் முழுவதும் உள்ளே வந்து படம் வெள்ளை வேட்டியாகிவிடும். அதனால் லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். ஃபில்டர் என்பது அதுதான். வெளிச்சத்தில் அறுபத்துநாலில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிற, பெருவிரல் நகத்தளவு கண்ணாடி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்.

வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டவெளியில் பரிசோதனை நடந்தது. பெண்ணுக்குப் பதிலாக என் கணவர், தலையில் என் சிவப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்தார். வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். மெதுவாக நடவுங்கோ, தலையைக் குனியுங்கோ, வெட்கப்படுங்கோ என்று நான் கத்தக் கத்த, அவர் உண்மையாகவே வெட்கப்பட்டார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், மனுசன் தண்ணீரில் மிதந்து வருவதுபோல அவ்வளவு நயமாக வருகிறார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

கல்யாணத்தன்று காலை, வழக்கம்போல எங்கள் சாமான்களெல்லாம் சுவாமி அறைக்குப் போயின. எந்தக் கல்யாண வேலைக்குப் போனாலும் கணவரின் தாயான என் மாமி கமரா பையிலிருந்து எங்கள் வாகனத்தின் முன்கண்ணாடி வரை சந்தனப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார். நான் அதைத் தடுப்பதில்லை. பொட்டு வைத்த பிறகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவோம்.

மண்டபம் மருதனார்மடம் சந்தியைத் தாண்டி உள்ளே இருந்தது. மாப்பிள்ளையின் கார் வாசலுக்கு வந்துவிட்டது, மேளம் தொடங்கிவிட்டது. நான் காரைப் பார்த்தபடியே ட்ரோனின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே அனுப்பினேன். வெயிலில் ரிமோட்டின் திரை தெரியாது என்பதால் தலையையும் திரையையும் சேர்த்து ஒரு துவாயால் மூடிக்கொள்வது என் வழக்கம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் ஆவி பிடிக்கிறேன் என்றுதான் தோன்றும். துவாய்க்குள் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில், படத்தின் நட்டநடுவில், மஞ்சளாக ஒரு புகார் மூட்டம். சுற்றிவர நிற்கிற சனம் தெரிகிறது, வாழைமரம் தெரிகிறது, மாப்பிள்ளை மட்டும் இல்லை.

இறக்கிப் பார்த்தேன். ஃபில்டரின் நடுவில் வட்டமாக, காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு. அதற்கு நடுவில் குங்குமமும் இருந்தது.

மாமிக்குப் போன் எடுத்தேன். அவருக்கு ஒரு பதற்றமும் இல்லை.

"கலியாண வீட்டுக்கு ஒரு கறுப்புச் சாமானை வெறுமனே கொண்டுபோறதே? அதுதான் மூடியைக் கழட்டி நடுவிலை வடிவா ஒரு பொட்டு வைச்சனான்."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. பறக்க விடுவதற்கு முன் கண்ணாடியைப் பார்க்காதது என் குற்றம். மாப்பிள்ளை வரவு போனது போனதுதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தால் பழையபடி நூலோட்டம். சேலைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். தாலி கட்டியபின் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அருந்ததி பார்க்க முற்றத்துக்குக் கூட்டிவருவார்கள். இனி எனக்கு மிஞ்சியிருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

தண்ணீர் தேடிப் பின் அறைக்கு ஓடினேன். ரீச்சர் பட்டுச் சேலையில், பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் தனியாக இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். இரண்டு துளி தண்ணீர் விட்டுச் சந்தனத்தை ஊறவைத்தார். தன் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைக்கத் தொடங்கினார்.

"இதுக்குள்ளாலை என்னெண்டு பிள்ளை தெரியும்? இருட்டாயெல்லோ கிடக்கு."

வெளியில் வெளிச்சம் கூடிப்போய்விட்டது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கெட்டிமேளம் கேட்டது. ரீச்சரின் கை நின்றது. பிறகு, ஏற்கனவே சுத்தமாகிவிட்ட கண்ணாடியை அவர் மறுபடியும் துடைத்தார். மேளம் ஓயும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரீச்சர், எனக்குக் குடை பிடிக்க ஆளில்லை" என்றேன். துவாய் என் தோளில்தான் கிடந்தது. அதைச் சுருட்டி ஒரு கதிரைக்குப் பின்னால் போட்டேன்.

தான் முன்பக்கம் வரக்கூடாது என்றார். முன்பக்கம் போவது ட்ரோன்தான், நாங்கள் பின் வளவில் சமையல் கிடாரங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கப்போகிறோம் என்றேன். மூலையில் கிடந்த கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

இந்தமுறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. திரையில் முற்றம் தெளிவாகத் தெரிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலைத் தாண்டி வந்தார்கள். கூறைச் சேலையின் கரை அசைந்தது. யாரோ எறிந்த பூ வெட்டாமல் விக்காமல் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரீச்சர் பிடித்த குடை எனக்கு மேலிருந்து மெல்ல மெல்லத் திரைக்கு மேலே போய்விட்டது. என் தலை வெயிலில் வெந்தது.

ஐயர் வானத்தைக் காட்டினார். பட்டப்பகலில் அருந்ததியைத் தேடுகிற மாப்பிள்ளைக்கு நட்சத்திரம் ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது என் ட்ரோன்தான். அதையே அருந்ததி என்று நம்பியவர்போலப் பயபக்தியோடு பார்த்தார். பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவளும் நிமிர்ந்து, திரைக்குள்ளிருந்து நேராக எங்களைப் பார்த்தாள்.

ரீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சாதாரணப் பிடி இல்லை. ரிமோட்டில் என் பெருவிரல் சறுக்க, ட்ரோன் ஒரு பக்கம் குலுங்கிப் பிறகு தானே நிமிர்ந்தது.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ரீச்சர் ஸ்டூடியோவுக்கு வந்து, முழு வீடியோவையும் எழும்பாமல் பார்த்தார். அருந்ததி பார்க்கிற இடத்தில் படம் குலுங்கியது. எத்தனை பாடுபட்டும் இந்த ஒரு இடத்தில் பிசகிவிட்டதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, வெட்டட்டோ என்று கேட்டேன்.

ரீச்சர் அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொல்லி இன்னொருதரம் பார்த்தார்.

"வேண்டாம் பிள்ளை" என்றார். "அதிலைதான் நான் நிக்கிறன்."